நட்சத்திரம் இருக்கட்டும், ஒப்பந்தம் எங்கே?

கேள்வி: எழுத்துச் செயலி ஒன்றில் நாவல் தொடர் எழுதி முடித்தேன். மற்றவர்கள் கதைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால்தான் என் பக்கம் ஆள் வருகிறது; நிறுத்தினால் பட்டியலில் இறங்கிவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ரூ.40,000 கொடுத்தால் ஐஎஸ்பிஎன் எண் (புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்) வாங்கி, சென்னை புத்தகக் காட்சியில் வைத்து, அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆர்டரும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, கொளத்தூர்)

பதில்: கொடுக்காதீர்கள்.

முதலில் நட்சத்திரக் கதை. ‘சூப்பர் சிஸ், அடுத்த எபி எப்போ? என் கதையையும் எட்டிப் பாருங்க’ என்று வருவது விமர்சனம் இல்லை, மொய். திருப்பி வைக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டு பதிப்பாளரிடம் போனால், ‘சரி, முதல் மூன்று அத்தியாயம் கொடுங்கள்’ என்பார். ‘மாமியார் போன வாரமே ஊருக்குப் போய்விட்டாரே, இந்த வாரம் எப்படி அடுப்படியில் நிற்கிறார்?’ என்று உங்கள் வாசகர் யாராவது கேட்டிருந்தால், அதுதான் விமர்சனம்; அவர் ஒருவரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் ஆசாமி. ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் கட்டணமே கிடையாது. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் தில்லியில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை தருகிறது. சொந்தமாக வெளியிடும் எழுத்தாளரும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எப்போது வரும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அரசாங்கம் இழுத்தடிக்கிற இடத்தில்தான் இடைத்தரகர் கடை விரிக்கிறார். அவர் தன் பெயரில் எண் வாங்கினால், உங்கள் நாவலுக்குப் பதிப்பாளர் அவர்தான் என்று பதிவாகும். புத்தகக் காட்சியில் ‘வைப்பது’ என்றால் யாரோ ஒருவர் அரங்கில், கீழ்த்தட்டில் ஐந்து பிரதி. நூலக ஆர்டரை அரசு முடிவு செய்கிறது. வருடக்கணக்காகப் பதிப்பகம் நடத்துபவர்களே அதற்காகக் காத்துக் கிடக்க, இவர் எடுத்துத் தருகிறாராம்!

எழுதிய நொடியிலேயே பதிப்புரிமை (காப்பிரைட்) உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. யாருக்கு உரிமை கொடுத்தாலும் எழுத்தில் கொடுங்கள், எத்தனை வருடம் என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து வருடம் என்று ஆகிவிடும். ‘அனைத்து உரிமைகளும்’ என்று இருந்தால் ஒலிப்புத்தகம், சினிமா எல்லாம் அதில் அடக்கம். அடித்துவிடச் சொல்லுங்கள்.

அமேசானின் மின்புத்தகத் தளமான கிண்டிலில் நீங்களே ஏற்றலாம், செலவில்லை. ஆனால் ஓர் இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ‘கேடிபி செலக்ட்’ (மின்வடிவம் கிண்டிலுக்கு மட்டும் என்ற திட்டம்) என்ற கட்டத்தில் டிக் போட்டால், 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. செயலியில் இலவசமாகக் கிடக்கும் அத்தியாயங்களும் இதில் சேரும். பத்து சதவீதம் வரை மாதிரிக்கு விடலாம்; அச்சுப் புத்தகத்துக்குத் தடையில்லை. 90 நாள் முடிந்தால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், டிக்கை நீங்கள்தான் எடுக்க வேண்டும். டிக்கே போடாமல் ஏற்றினால் கிண்டில் பக்கம் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வாசகர் பணம் கட்டிப் படிக்கும் செயலியின் திட்டத்தில் உங்கள் கதையைச் சேர்த்திருக்கிறீர்களா? அப்படியானால் அங்கே நீங்கள் ஒப்புக்கொண்ட விதிகளை முதலில் படியுங்கள். பிரத்தியேக உரிமையை ஏற்கெனவே அவர்களுக்குக் கொடுத்திருந்தால், கிண்டில் பேச்சே இப்போதைக்கு வேண்டாம்.