எறும்புப் பறவை எறும்பையா தின்கிறது?

கேள்வி: பனாமா காடுகளில் ‘எறும்புப் பறவை’ என்று ஒன்று உண்டாமே, அதற்கு எறும்புதான் உணவா?

பதில்: பெயர்தான் அப்படி! படையெறும்புகள் தரையை அரித்துக்கொண்டு முன்னேறும்போது வெருண்டோடும் கரப்பான், வெட்டுக்கிளி, சிலந்திதான் அதன் இரை. கீழே நின்றால் எறும்பு கடிக்கும். எனவே தரைக்குச் சற்று மேலே, செங்குத்தான மெல்லிய தண்டைப் பற்றிக் காத்திருக்கும். பாய்ந்து கவ்வியதும் மேலேறிவிடும்.

சிக்கல் வேறு இடத்தில். ‘எசிட்டான் பர்செல்லி’ என்ற படையெறும்பின் கூட்டம் சுமார் 15 நாள் அலையும். அடுத்த 20 நாள் ஓரிடத்தில் தங்கும், வேட்டை குறையும். ஆகவே பறவைக்குப் பல கூட்டங்கள் தேவை. காலையில் அவற்றின் தங்குமிடங்களை எட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளும். இதற்குப் பரந்த காடு வேண்டும். பனாமா கால்வாய்க்காக நீர் தேக்கியபோது தீவாகிப்போன, வெறும் 15 சதுர கி.மீ. பரப்புள்ள பாரோ கொலராடோவில் ‘கண்புள்ளி எறும்புப் பறவை’ என்ற இனம் அற்றுப்போனது.