மருந்தின் பக்கவிளைவை டொக்டர்மார் ஏன் எழுதி அனுப்புவதில்லை?

வலிப்புக்குக் கொடுத்த காபமசெபினால் தோல் கொப்பளித்துப்போன ஒருவரை வன்னி ஆஸ்பத்திரி ஒன்றில் நன்றாகப் பார்த்துச் சுகப்படுத்தினார்கள், ஆனால் அதை எங்கும் அறிவிக்கவில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெரியாமல் இல்லை. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும் என்பது பல டொக்டர்மாருக்குத் தெரியும். இது வன்னிக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. 12 நாடுகளின் 37 ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வந்த மீளாய்வில், அறிவிக்கப்படாமல் போகும் பக்கவிளைவுகளின் இடைநிலை அளவு 94 சதவீதம்.

அவர்களைத் தடுப்பது 'இந்த மருந்தால்தான் என்று எனக்கு நிச்சயமில்லையே' என்ற எண்ணம். அறிக்கைக்கு நிச்சயம் தேவையில்லை, சந்தேகம் போதும். நோயாளி (பெயர் வேண்டாம், முதலெழுத்தும் வயதும் காணும்), சந்தேகப்படும் மருந்து, நடந்தது என்ன, எழுதுபவர் யார் என்ற நான்கும் இருந்தால் அது அறிக்கைதான். மருந்துதான் காரணமா என்று எடைபோட்டுப் பார்க்க விரும்பினால் 1981இல் வந்த நரஞ்சோ அளவுகோலில் புள்ளி போடும் பத்துக் கேள்விகள் இருக்கின்றன. மொத்தப் புள்ளி 9 அல்லது அதற்கு மேல் என்றால் உறுதி, 5 முதல் 8 வரை பெரும்பாலும், 1 முதல் 4 வரை இருக்கலாம். 'இருக்கலாம்' என்று வந்தாலும் அனுப்ப வேண்டியதுதான்.

அடுத்தது, 'இது வழமையானதுதானே' என்பது. பாம்புக்கடி விஷமுறிவு ஊசியை எடுங்கள். வயல் காலத்தில் கண்ணாடிப் புடையன் கடித்து வருபவர்களுக்கு அதை ஏற்றும்போது நடுக்கம், தடிப்பு, மூச்சிரைப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி எல்லாம் வரும். 2011இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில் நான்கில் மூன்று பேருக்கு ஏதோவொரு எதிர்விளைவு வந்திருந்தது. அதனால்தான் முன்கூட்டியே 0.25 மில்லிகிராம் அட்ரினலின் தோலுக்குக் கீழ் போடுகிறார்கள். இவ்வளவு அடிக்கடி வருவதை யார் எழுதுவார்கள்? ஆனால் ஒரு பட்ச்சில் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியில்) மட்டும் எதிர்விளைவு கூடினால் அதைக் கண்டுபிடிக்க அந்த எழுத்தை விட்டால் வேறு வழியில்லை.

பட்ச் நம்பர்தான் இங்கே பெரிய ஓட்டை. ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) பெரிய டப்பாவிலிருந்து குளிசையை எண்ணி, கடதாசி உறையில் போட்டு, 'காலை 1, இரவு 1' என்று எழுதித் தருவார்கள். உறையில் பட்ச் நம்பர் இருக்காது. இரண்டு கிழமை கழித்து வார்ட்டில் தடிப்போடு நோயாளி வரும்போது அந்த டப்பாவும் முடிந்திருக்கும். டொக்டர் அறிக்கை எழுத உட்கார்ந்தாலும் அந்தக் கட்டம் வெறுமையாகவே போகும்.

இன்னொன்று நாள் கணக்கு. உங்கள் காபமசெபின் கதை மருந்தால் தோலும் வாயும் கொப்பளித்து உரியும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் மாதிரியே இருக்கிறது. அது பெரும்பாலும் மருந்து தொடங்கி 4 முதல் 28 நாளுக்குள் வரும். நேற்றுக் கொடுத்த அன்டிபயோட்டிக்கைச் சந்தேகித்து, மூன்று கிழமைக்கு முன் தொடங்கிய குளிசையை மறந்துவிடுவது சாதாரணம். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோல், அன்டிபயோட்டிக்கான கொட்ரைமொக்சசோல் விஷயத்திலும் இதே தவறு நடக்கும். போதாததற்கு, நோயாளி சிறிய ஆஸ்பத்திரியிலிருந்து கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ மாற்றப்படுவார். அனுப்பியவர்கள் அங்கே எழுதுவார்கள் என்றும், ஏற்றவர்கள் முதலில் பார்த்தவர்கள் எழுதியிருப்பார்கள் என்றும் நினைப்பார்கள். வழக்கு வந்துவிடுமோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. அதை நான் அவ்வளவு பெரிதாக எடுப்பதில்லை, அறிக்கை எழுதுவது பிழையை ஒப்புக்கொள்வதல்ல.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது: உறையை வீசாதீர்கள். தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மிச்சக் குளிசையோடு கொண்டுபோங்கள். மருந்து தொடங்கிய திகதி, அறிகுறி தொடங்கிய திகதி இரண்டையும் கிளினிக் கொப்பியில் குறித்து வையுங்கள். நாட்டு மருந்து, கடையில் வாங்கிய வலிக்குளிசை குடித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு, 'இதை அறிவிப்பீர்களா டொக்டர்?' என்று கேளுங்கள். அவர் வேலை அவசரத்தில் நின்றால் வார்ட் பார்மசிஸ்டிடம் கேட்கலாம், அவரும் படிவம் நிரப்பலாம். தடுப்பூசி என்றால் வழி வேறு, உங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போகும்.

வீட்டுக்குப் போகும்போது கொப்பியின் முதல் பக்கத்தில் அந்த மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதித் தரச் சொல்லுங்கள். காபமசெபின் ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொரு வலிப்பு மருந்தான பெனிடோயினும் ஆபத்தாகலாம், அதையும் சேர்த்து எழுதட்டும்.