அச்சேறாத வரிக்குப் பரிசு

வணக்கம் ஐயா,

பட்டர்வொர்த்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியையாக இருக்கிறேன். அமெரிக்காவில் முன்னாள் அதிபரின் மனைவி ரோசலின் கார்ட்டர் பெயரில் 1996 முதல் மனநல இதழியலுக்கு உதவித்தொகை கொடுக்கிறார்களாம். இங்கிலாந்தில் மைண்ட் என்ற மனநல அமைப்பு ஊடக விருதே வைத்திருந்தது. நாம் கவிதைக்கும் சிறுகதைக்கும்தான் மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம். மாணவர் தற்கொலைகளை நம் பத்திரிகைகள் போடும் விதத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்தில் கொஞ்சம் பணம் இருக்கிறது. ஒரு விருது வைத்தால் மாறுவார்களா?

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள டீச்சர்,

இதற்குப் பதில் சொல்ல எனக்குள்ள யோக்கியதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் பதினோரு வருஷம் துணையாசிரியராக இருந்தவன் நான். ஒரு வருஷம் ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்த மறுநாள், ஒரு பையன் இறந்துபோன செய்தி மேசைக்கு வந்தது. இரவு ஒன்பதரை மணி, முதல் பக்கத்தை முடிக்க அரை மணி நேரம்தான் இருந்தது. அவன் எத்தனை பாடத்தில் தோற்றான் என்பதைத் தலைப்பில் போட்டேன். பள்ளிச் சீருடையில் ஒரு படம் வாங்கி வரச் சொல்லி நிருபரை அந்த வீட்டுக்கே அனுப்பினேன். மறுநாள் பத்திரிகை நன்றாக விற்றது, விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அவனுடைய அக்கா போன் செய்தாள். திட்டவில்லை. "அங்கிள், அவன் தமிழில் ஏ எடுத்திருந்தான். அதை ஏன் போடல?" என்று கேட்டாள்.

அந்த வருஷம் நீங்கள் சொல்லும் விருது இருந்திருந்தால், போட்டிக்கு அந்தச் செய்தியைத்தான் அனுப்பியிருப்போம். கண்ணீர் இருந்தது, படம் இருந்தது, வேறென்ன வேண்டும்?

வியன்னாவில் சுரங்க ரயில் நிலையங்களில் நடந்த தற்கொலைகளைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டுவந்தன. 1987இல் மருத்துவர்கள் சில நெறிமுறைகளைக் கொடுத்தார்கள், பத்திரிகைகளும் ஏற்றுக்கொண்டன. பக்கத்தை மாற்றினார்கள், படத்தை எடுத்தார்கள், எப்படி நடந்தது என்ற விவரத்தை விட்டார்கள். சில மாதங்களிலேயே அந்த மரணங்கள் மளமளவெனக் குறைந்தன. இந்தத் துறையில் ஆகப் பெரிய சாதனை என்றால் என் கணக்கில் அதுதான். ஆனால் அதற்கு எப்படிப் பரிசு கொடுப்பீர்கள்? யாரோ ஒரு துணையாசிரியர் இரவு ஒன்பதரை மணிக்கு வெட்டியெறிந்த வரியை எந்த நடுவர் படித்துப் பார்ப்பார்?

எழுதவே கூடாது என்பதல்ல. அதே வியன்னா ஆய்வாளர்கள் 2010இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: நெருக்கடிக்குள் போய், சாகாமல் மீண்டவரின் கதை வெளிவந்தால், அதைத் தொடர்ந்து தற்கொலைகள் குறைவதோடு அதற்குத் தொடர்பு தெரிகிறது. அப்படி ஒரு கதையை எழுத ஒருவரோடு மாதக்கணக்கில் பழக வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் தேத்தண்ணீர் ஆறும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்கவும் வேண்டும். நம் நிருபருக்கோ காலையில் கோர்ட், மதியம் அமைச்சர், மாலையில் கும்பாபிஷேகம்.

கோர்ட் என்றதும் நினைவு வருகிறது. நம் மலேசியத் தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின்படி தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை இருந்தது. உயிர் பிழைத்தவரின் பெயர், வயது, குடியிருக்கும் தாமான் எல்லாம் கோர்ட்டுச் செய்தியாக வந்தன. நானே எத்தனையோ திருத்திப் போட்டிருக்கிறேன். 2023 மே மாதம் மக்களவை அந்தப் பிரிவை நீக்க ஒப்புதல் கொடுத்தது, பிறகு சட்டமும் போய்விட்டது. பேச்சு மட்டும் போகவில்லை. தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் திறந்த மனநல மருத்துவமனைக்கு இன்று 'பஹாகியா' என்று பெயர், மகிழ்ச்சி என்று பொருள். நம் ஆட்கள் வாயில் இன்னும் அது 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்ற கிண்டல்தான். ('தற்கொலை' என்ற சொல்லுக்குள் கொலை இருக்கிறது, மாற்ற வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். மாற்றட்டும். சொல்லை மாற்றிவிட்டுப் பையனின் படத்தை முதல் பக்கத்தில் போட்டால் என்ன பயன்?)

ஆகவே கேடயம் வேண்டாம் டீச்சர். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. கார்ட்டர் பெயரில் கொடுப்பது எழுதி முடித்தபின் தரும் பதக்கமல்ல. எழுதுவதற்கு முன்பே ஓராண்டுக்குக் கையில் தரும் பணம். ஓராண்டு நமக்குக் கட்டுப்படியாகாது. ஓர் இளம் நிருபருக்கு மூன்று மாதச் சம்பளம் கொடுங்கள், அவருடைய ஆசிரியரிடம் பேசி விடுப்பு வாங்குங்கள். முதல் மாதம் அவர் எதுவும் எழுதக்கூடாது, உங்களைப் போன்றவர்களிடம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும். கட்டுரை அச்சுக்குப் போகுமுன் அதில் வரும் ஆள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள் இதற்குக் குதிப்பார்கள், குதிக்கட்டும். கடைசியில் ஹீல் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 15555ஐ, பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்கிற எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

ஆள் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள், என்னாலானதைத் தருகிறேன். தலைப்புப் போட மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.