மெக்வேயை ‘மிலிஷியா உறுப்பினர்’ என்று எழுதலாமா?

வணக்கம் நண்பரே. அமெரிக்காவின் ஓக்லஹோமா குண்டுவெடிப்பு பற்றிய கட்டுரையில் ‘மிச்சிகன் மிலிஷியா உறுப்பினர் டிமத்தி மெக்வே’ என்று எழுதலாமா, எல்லா மிலிஷியாக்களும் (தனியார் ஆயுதக் குழுக்கள்) வெள்ளை இனவெறிக் குழுக்கள்தானா என்று கேட்டிருந்தீர்கள்.

‘உறுப்பினர்’ என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மெக்வேயும் கூட்டாளி டெர்ரி நிக்கல்ஸும் மிச்சிகன் மிலிஷியாவின் கூட்டங்களுக்குப் போனதாகத்தான் செய்திகள் வந்தன. அதற்காகத் தொடர்பே இல்லை என்றும் எழுத முடியாது. 1993இல் டெக்சாஸின் வேக்கோவில் ஒரு மதக் குழுவின் வளாகத்தை மைய அரசுப் படையினர் சூழ்ந்த 51 நாள் முற்றுகை ஏப்ரல் 19 அன்று தீயில் முடிந்தது. 1995இல் அதே தேதியில் மெக்வே குண்டு வைத்தான். 168 பேர் இறந்தார்கள், அதில் 19 பேர் குழந்தைகள். மைய அரசின் மீது எழுந்து மிலிஷியாக்களை வளர்த்த அதே கோபம்தான் அவனையும் தள்ளியது. கட்டுரையில் இதைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்பேன்.

இரண்டாவது கேள்விக்கு, இல்லை. பலரை இழுத்தது மைய அரசின் மீதான பயமும் துப்பாக்கி உரிமையும்தான். இனவெறியர்களும் உள்ளே இருந்தார்கள் என்பதும் உண்மை. இனவாதம் இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்றும் நினைக்காதீர்கள். ‘ஓத் கீப்பர்ஸ்’ என்ற மிலிஷியா அமைப்பினர் தங்களை அரசியல் சட்டத்தின் காவலர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். அதை நிறுவிய ஸ்டூவர்ட் ரோட்ஸுக்கு, 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதல் தொடர்பான தேசத்துரோகச் சதிக்காக 2023இல் 18 ஆண்டு சிறை விதித்தார்கள் (2025இல் டிரம்ப் அதைக் குறைத்து விடுவித்தார்). மாறாக, 2010இல் கைதான ‘ஹுடாரி’ என்ற மிலிஷியா குழுவினர் மீதான தேசத்துரோகச் சதி வழக்கை 2012இல் நீதிபதியே தள்ளுபடி செய்தார்.

அப்புறம், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும் அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் தனியார் படைக்கு அனுமதி தருகிறது என்ற வரியையும் நீக்குங்கள். தனியார் ஆயுத அணிவகுப்பை மாநிலங்கள் தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1886லேயே சொல்லிவிட்டது.