மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர்: சாலைக்கு எது, டிராக்குக்கு எது?

ஃபோர்டு மஸ்டாங், செவ்ரோலெட் கமாரோ, டாட்ஜ் சேலஞ்சர் என்ற இந்த மூன்று அமெரிக்க வண்டிகளையும் நிறைய ஓட்டியிருக்கிறேன். வார இறுதிகளில், முதன்முறை டிராக்குக்கு, அதாவது பந்தயத் தடத்துக்கு, வருபவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். அமெரிக்காவில் வசிக்கும் நம்மவர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

சேலஞ்சரின் ஸ்கேட் பேக் மாடலில் 485 குதிரைத்திறன். 2018-21 மஸ்டாங் ஜிடி 460, கமாரோ எஸ்எஸ் 455தான். பிறகு ஏன் சேலஞ்சரை யாரும் டிராக்குக்குச் சொல்வதில்லை, அண்ணா?

எடைதான் காரணம். கமாரோ ஏறத்தாழ 1,670 கிலோ, மஸ்டாங் 1,700ஐ ஒட்டி வரும். சேலஞ்சரோ 1,900 கிலோ. நேர்ரோட்டில் அதன் 6.4 லிட்டர் இன்ஜின் இந்தச் சுமையைத் தெரியவிடாது. வளைவுக்கு முன் பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் கூடுதலாக 200 கிலோவை நிறுத்தி, திருப்பி, மறுபடி ஓடவைக்க வேண்டும். சில சுற்றுகளிலேயே முன் டயர்கள் சூடாகிப் பிடியை விடும். கால் மைல் நேர்கோட்டுப் பந்தயம் வேறு கதை. 2018இல் வந்த 840 குதிரைத்திறன் சேலஞ்சர் டீமனை அதற்காகவே செய்தார்கள்.

கமாரோ எஸ்எஸ்ஸின் டிராக் வடிவமான 1எல்இ-யை எல்லோரும் புகழ்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

காடிலாக் ஏடிஎஸ் காரின் அதே ஆல்ஃபா அடித்தளம் என்பதால் உடம்பு விறைப்பாக, எடை கட்டுக்குள் இருக்கிறது. அதன்மேல் சாலைக்கேற்ப விறைப்பை மாற்றும் காந்த சஸ்பென்ஷன், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் எலக்ட்ரானிக் டிஃபரென்ஷியல், முன்னால் ஆறு பிஸ்டன் பிரெம்போ பிரேக். எனக்கு இவற்றைவிடப் பெரியது கூலர்கள். இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றுக்கும் தனித்தனியாக உண்டு. கோடை மதியத்தில் இருபது நிமிடம் விடாமல் விரட்டினால், கூலர் இல்லாத வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். 1எல்இ சளைக்காமல் ஓடும். ஸ்டீரிங் திருப்பிய கணமே மூக்கு திரும்பும். இந்த மூன்றில் டிராக்குக்கு என் தேர்வு இதுதான், தயங்காமல் சொல்வேன்.

இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். தினமும் ஆபீசுக்கும் இதே வண்டிதான்.

அப்படியானால் கமாரோ வேண்டாம். ஜன்னல்கள் பதுங்குகுழித் துவாரம் மாதிரி இருக்கும். லேன் மாறும்போது பின்பக்கம் சரியாகத் தெரியாது. டிக்கியும் 9.1 கன அடிதான். மஸ்டாங்கில் 13.5, சேலஞ்சரில் 16.2. பெரியவர்கள் பின்சீட்டில் ஓரளவு வசதியாக உட்காரக்கூடியது சேலஞ்சர் ஒன்றுதான்.

செகண்ட் ஹேண்ட் மஸ்டாங் ஜிடி பார்த்திருக்கிறேன், 2018 மாடல். மாதம் ஒருமுறை டிராக்குக்குப் போக ஆசை. வாங்கலாமா?

பெர்ஃபார்மன்ஸ் பேக் என்ற கூடுதல் தொகுப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரிய பிரெம்போ பிரேக்கும் டார்சன் டிஃபரென்ஷியலும் அதில்தான் வரும். இல்லையென்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பிறகு மாற்றும் செலவு கட்டுப்படியாகாது. கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் 2021-23 மஸ்டாங் மாக் 1 தேடுங்கள். கூடுதல் குதிரைத்திறனை விட, அதன் ட்ரெமெக் மேனுவல் கியர்பாக்ஸுக்கும் கூடுதல் கூலர்களுக்கும்தான் அந்தப் பணம்.

முதல் டிராக் நாளுக்கு முன் என்ன மாற்ற வேண்டும்?

பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்துப் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். கொதித்தால் குமிழி வரும், பெடல் தரையைத் தொடும். எனக்கு ஒருமுறை நடந்தது, வளைவுக்கு வெளியே மண்தரை இருந்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து பழைய ஆயிலோடு வருபவரை டிராக்கில் இறங்க விடுவதில்லை. இன்ஷூரன்ஸ் தாளையும் படியுங்கள். வழக்கமான பாலிசிகள் பெரும்பாலும் டிராக் விபத்தை ஏற்காது. அந்த ஒரு நாளுக்குத் தனிப் பாலிசி கிடைக்கும்.

புதுசாகவே வாங்க நினைக்கிறேன், சார்.

வி8 சேலஞ்சர், கமாரோ இரண்டுக்கும் 2023 இறுதியோடு உற்பத்தி முடிந்துவிட்டது. இந்த மூன்றில் இனி மஸ்டாங் மட்டும்தான். டிராக் ஆசை இருந்தால் 500 குதிரைத்திறன் மஸ்டாங் டார்க் ஹார்ஸ், மேனுவல் கியரில்.