ஆட்காட்டி: ஒரு கடிதம்

அன்பின் ஐயா,

நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். கொரோனாக் காலத்தில் வளவுக்குள் வரும் பறவைகளைக் கைத்தொலைபேசியில் படம் எடுக்கத் தொடங்கினேன். இப்போது அது விட முடியாத பழக்கமாகிவிட்டது. சீட்டுக் காசு கைக்கு வந்திருக்கிறது. நல்ல கமரா வாங்க ஆசை. எந்த லென்ஸ் வாங்கலாம்? வளவுக்கு இன்னும் பறவைகள் வர என்ன செய்யலாம்? சுண்டிக்குளத்துக்குப் பூநாரை எடுக்க எப்போது போகலாம்? குரங்குத் தொல்லைக்கு வழி உண்டா? செயலியில் தேடினால் ஆங்கிலப் பெயர்தான் வருகிறது, எங்கள் பறவைகளுக்குத் தமிழில் பெயர்களே இல்லையா? கோடிப்புறத்தில் கண்ட ஒரு கூட்டின் படத்தை இணைத்திருக்கிறேன். முகநூலில் போட்டேன், நிறையப் பேருக்குப் பிடித்திருந்தது.

(ஒரு வாசகி)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை நான் வாசித்தது இரவு பதினொரு மணிக்கு. அந்த நேரம் வயல் பக்கம் ஓர் ஆட்காட்டி கத்திக்கொண்டு போனது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருக்கும், அல்லது யானை இறங்கியிருக்கும். இரண்டு கிழமையாக இந்தப் பறவையைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் அனுப்பிய படமும் ஆட்காட்டியின் கூடாக இருந்ததால் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கமரா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சீட்டுக் காசு முழுவதையும் லென்ஸில் போடாதீர்கள். முதலில் ஒரு தொலைநோக்கி வாங்குங்கள், 8 மடங்கு பெருக்குவது, முன் வில்லை 42 மில்லிமீற்றர். ஒரு வருடம் அதால் பாருங்கள். பிறகும் ஆசை இருந்தால் 400 மில்லிமீற்றர் வரை போகும் லென்ஸ் ஒன்று, பழையதாக இருந்தாலும் சரி, போதும். குரங்கைப் பற்றி இப்போது வேண்டாம், அது தனிக்கதை. வளவுக்குப் பறவை வர ஓர் அகன்ற மண்சட்டியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் வையுங்கள், நுளம்பு பெருகாமல் தினமும் மாற்றுங்கள். பிறகு, வளவு முழுவதையும் வெள்ளை மணல் தெரியக் கூட்டி எரிக்கிற பழக்கத்தை விடுங்கள். ஒரு மூலையிலாவது சருகு கிடக்கட்டும். ஐப்பசியில் இமயமலை அடிவாரத்திலிருந்து பறந்து வருகிற ஆறுமணிக்குருவி சருகைப் புரட்டித்தான் சாப்பிடுகிறது. அவ்வளவு தூரம் வந்த பறவைக்கு நாம் கூட்டித் துடைத்த மண்ணைக் காட்டுகிறோம்.

ஆறுமணிக்குருவி என்றேன். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூப்பிடுவதால் அந்தப் பெயர். தமிழில் பெயர் இல்லையா என்று நீங்கள் கேட்டது எனக்கு உண்மையாகவே வலித்தது. வேலியடியில் கூட்டமாக இரைந்துகொண்டு திரிவது புலுனி. பற்றைக்குள் செங்கல் நிறச் செட்டையோடு நடப்பது செண்பகம். படத்தோடு நீங்கள் ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் எழுதி அனுப்பியது ஆட்காட்டி. உங்கள் அம்மம்மா இருக்கிறாவா? செயலியை மூடிவிட்டு அவவிடம் போய்க் கேளுங்கள். நீங்கள் படிப்பிக்கிற பிள்ளைகளையும் அவரவர் வீட்டுக் கிழவிகளிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

சரி, இனிப் படத்துக்கு வருகிறேன்.

பெரிதாக்கிப் பார்த்தேன். கிரவல் தரை. கூர்ப்பக்கம் உள்ளே பார்த்தபடி நான்கு முட்டைகள், கல்லோடு கல்லாக. நல்ல படம், கண் கூர்மையாக இருந்திருக்காவிட்டால் மிதித்திருப்பீர்கள். ஆனால் ஓரத்தில் உங்கள் நிழலும் விழுந்திருக்கிறது. அது ஒரு முழங்கூட இல்லை, காலடியில் சுருண்டு கிடக்கிறது. அப்படியென்றால் உச்சி வெயில். சோளகம் வீசுகிற மாதத்தில், வன்னியில், பகல் பன்னிரண்டு மணிக்கு.

தங்கச்சி, ஆட்காட்டி முட்டைமேல் இருப்பது சூடு கொடுக்க மட்டும் என்றா நினைத்தீர்கள்? எங்கள் வெயிலில் பகல் முழுவதும் அது நிழல் கொடுத்துக்கொண்டு இருக்கிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறி நிற்கின்றன. தாங்க முடியாத சூடு என்றால் ஒன்று குளத்துக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையை ஈரமாக்கும். அது கட்டாந்தரையில் கல் பொறுக்கி வைத்த இடம், மேலே ஓர் இலைகூடக் கிடையாது. தாய்ப்பறவைதான் கூரை. நீங்கள் கிட்டப் போய்க் குந்தியிருந்து, கோணம் பார்த்து, நாலைந்து தரம் எடுத்து முடிக்கும்வரை அந்தக் கூரை தலைக்கு மேலே கத்திக்கொண்டு பறந்திருக்கும். அதன் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும். கேட்டும் நின்றிருக்கிறீர்கள், அதுதான் எனக்குக் கோபம். கொஞ்ச நேரம் போதும், கிரவல் சூட்டில் முட்டைக்குள் இருக்கிற உயிர் வெந்துவிட. காகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனுசர் குனிந்து பார்த்த இடத்தைக் காகம் மறக்காது.

நான் இதை ஒழுங்காக இருந்தவன் என்ற இடத்திலிருந்து சொல்லவில்லை. 2012இல் எனக்கு முதல் கமரா கிடைத்தது. தேசிக்காய் மரத்தில் தேன்சிட்டு சிலந்தி நூலால் தொங்கவிட்டிருந்த கூட்டுக்கு வெளிச்சம் போதவில்லை என்று இரண்டு கொப்பை ஒடித்தேன். படம் அருமையாக வந்தது. அடுத்த நாள் காலையில் செண்பகம் வந்து கூட்டைக் கிழித்துவிட்டுப் போனது. அந்தப் படத்தை நான் ஒருவருக்கும் காட்டியதில்லை. அதன் பிறகு எந்தக் கூட்டையும் எடுத்ததுமில்லை.

ஆட்காட்டிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது தெரியுமா? ஆள் நடமாட்டத்தைக் காட்டிக் கத்துவதால். தொண்ணூறுகளில் இரவில் அது கத்தினால் அம்மா குப்பி விளக்கை ஊதி அணைப்பா. "ஆரோ போகினம்" என்பா, அவ்வளவுதான். நாங்கள் பாயில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்போம். அந்தச் சொல்லுக்கு எங்கள் பேச்சில் பிறகு ஆளைக் காட்டிக்கொடுப்பவர் என்று வேறொரு பொருளும் ஏறியது. பறவை அதற்குப் பொறுப்பில்லை. அது எல்லாரையும் காட்டியது, எந்தப் பக்கத்து ஆள் என்று பார்க்கவில்லை.

யுத்தம் முடிந்து 2010இல் திரும்பி வந்தபோது எங்கள் வளவில் கிணற்றுக்கட்டும் இரண்டு தென்னையும்தான் மிச்சம். தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். பின்பக்கக் காணி இன்னும் துப்புரவாக்கப்படவில்லை. சிவப்பு நாடா கட்டி, மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகை நட்டிருந்தார்கள். அந்த நாடாவுக்கு அப்பால், எங்களிடமிருந்து முப்பது அடி தூரத்தில், ஓர் ஆட்காட்டி முட்டையிட்டது. கால் கிலோவும் இல்லாத பறவை, அது எங்கேயும் நடக்கலாம். எங்களால்தான் போக முடியாது.

அம்மாவுக்கு அந்த மாதம் முழுவதும் அதுதான் வேலை. அடுப்படியில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருப்பா. ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டா. "இஞ்ச வந்து பார், நெஞ்சை நனைச்சுக்கொண்டு வருகுது" என்றா. எந்தப் புத்தகத்திலும் நான் அதை அதற்கு முன் வாசித்திருக்கவில்லை, அம்மா வாயால்தான் கேட்டேன். மிதிவெடி எடுக்க வந்தவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். முகக்கவசத்தோடு முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகத் தேடுகிற வேலை. அம்மா போய் அவர்களிடம் என்ன சொன்னாவோ தெரியாது, அவர்கள் மற்ற மூலையிலிருந்து தொடங்கினார்கள். அந்தத் துண்டைக் கடைசிக்கு விட்டார்கள். நாலு கிழமை அளவில் குஞ்சு பொரித்தது. பொரித்த அன்றே நடந்தன. நாலும் நாடாவுக்குக் கீழால் எங்கள் பக்கம் வந்து, கிணற்றடி ஈரத்தில் நின்றன. அப்போது என்னிடம் கமரா இல்லை. இருந்திருந்தால் எடுத்திருப்பேன், ஏனென்றால் அவையே எங்களிடம் வந்தன, நாங்கள் அவற்றிடம் போகவில்லை. நான் எடுக்கலாம், எடுக்கக்கூடாது என்று பிரிப்பது இதை வைத்துத்தான்.

சுண்டிக்குளத்துக்கும் இதையே சொல்வேன். மாரி முடிந்து தை, மாசியில் போங்கள். 1938 முதல் பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடம். பூநாரை தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்வதை எடுங்கள். கை தட்டி எழுப்பி, பறக்கிற படம் எடுக்கிற ஆட்களோடு போகாதீர்கள், அவர்கள் உங்கள் நண்பர்களாக இருந்தாலும்.

இன்று செய்ய வேண்டியது இது. அந்தப் படத்தை முகநூலிலிருந்து எடுத்துவிடுங்கள். கோடிப்புறத்துக்கு நாயை விடாதீர்கள். காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ, வீட்டுச் சுவரோரம் இருந்து பாருங்கள், பறவை திரும்பி முட்டையில் இருக்கிறதா என்று. இருந்தால் திகதியைக் குறித்து வையுங்கள். குஞ்சு பொரித்தால் எனக்கு எழுதுங்கள். படம் வேண்டாம், எத்தனை என்று மட்டும்.

அன்புடன்.