கடலடி வண்டலைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள பெற்றோருக்கு,

கடலடி வண்டலை ஆராய விரும்பும் உங்கள் மகளுக்கு அத்துறையில் பிழைப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வேலை எத்தகையது என்று தெரிந்தால்தான் இதற்கு விடை சொல்ல இயலும்.

கடல்வாழ் உயிரினங்களின் பெருக்கத்தையும் சரிவையும் கணிக்கும் கணினி மாடல்கள் பெரும்பாலும் சில பத்தாண்டுகளின் அளவீடுகளைக் கொண்டே சரிபார்க்கப்படுகின்றன. கடலின் நிறத்தைச் செயற்கைக்கோள் வழியே அளப்பதே 1978இல்தான் தொடங்கியது. வண்டலோ நெடுங்காலத்தைக் காட்டும்; அதைக் கொண்டு இந்த மாடல்களைச் சோதிப்பதே அந்த வேலை. கலிஃபோர்னியாவை ஒட்டிய சாண்டா பார்பரா படுகையின் அடியில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால் சேற்றைக் கிளறும் புழுக்கள் அங்கு அரிது. வண்டல் ஆண்டுவாரியாகக் கலையாமல் படிந்திருக்கிறது. அதில் புதைந்த மீன் செதில்களை எண்ணியவர்கள், பெருமளவு மீன்பிடிப்பு தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே மத்தியும் நெத்திலியும் பெருகியும் சரிந்தும் வந்திருப்பதைக் கண்டார்கள். மீன்பிடிப்பை மட்டுமே காரணமாகக் கொள்ளும் மாடல் இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டாது.

ஆனால் வண்டலையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஓடற்ற உயிரிகள் பல சுவடின்றி மறைகின்றன. மிக ஆழத்தில் சுண்ணாம்பு ஓடுகள் கரைகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டரே படியும் ஆழ்கடலில், புழுக்கள் மேலடுக்கைக் கிளறிப் பல நூற்றாண்டுகளை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஆகவே மூழ்குதல், கரைதல், கலத்தல் அனைத்தையும் மாடலுக்குள் சேர்த்து, தான் கணித்த கடலிலிருந்து அடியில் எது எஞ்சும் என்பதை மாடலையே சொல்லவைத்து, அதன்பிறகே உண்மையான வண்டலோடு ஒப்பிட வேண்டும். சேறும் கணக்கும் ஒருசேரத் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் மகள் குறிவைக்க வேண்டிய இடம் அதுவே.

இளநிலையிலேயே கவர்ச்சியான பெயருள்ள சிறப்புப் படிப்பைத் தேட வேண்டாம் என்பது என் கருத்து. நிலவியல், இயற்பியல், உயிரியல் ஆகியவற்றுள் ஒன்றைக் கணிதம், புள்ளியியல், நிரலாக்கம் ஆகியவற்றோடு ஊன்றிப் படித்துவிட்டு, முதுநிலையில் கடலியலுக்கு வரலாம்.

மாதக்கணக்கில் கப்பலில் இருக்க நேருமோ என்ற அச்சம் தேவையற்றது. ஜெர்மனியின் பிரெமன், ஜப்பானின் கொச்சி போன்ற இடங்களில் துளையிட்டு எடுத்த வண்டல் குளிரூட்டிப் பாதுகாக்கப்படுகிறது. ஆய்வாளர்கள் விண்ணப்பித்து மாதிரி பெறலாம். அதைச் சல்லடையில் கழுவி உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை நுனியால் ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் கடலுயிரிகளின் நுண்ணிய ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒரு மாதிரிக்கு ஏறத்தாழ 300 ஓடுகள் எண்ணவேண்டும். கடல் மயக்கத்தைவிட இந்தச் சலிப்பே பலரைத் திருப்பி அனுப்புகிறது.

நிரந்தர ஆய்வுப் பணிகள் குறைவு. முனைவர் பட்டத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் ஒப்பந்தப் பணியில் கழியலாம். எனினும் புள்ளியியலும் நிரலாக்கமும் கைவசம் இருந்தால் மீன்வள மதிப்பீடு, கடலடி அளவாய்வு, காலநிலைத் தரவுப் பணி ஆகிய பக்கங்களுக்கும் திரும்பலாம்.

பாங்கேயா என்ற தரவுத்தளத்தில் இத்தகைய ஓடுகளின் எண்ணிக்கை அட்டவணைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சேர்க்கைக் கட்டணம் செலுத்துமுன் அவற்றுள் ஒன்றை எடுத்து வரைபடமாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.